திரும்பி உட்கார்ந்திருந்தவர்

1

"அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துடேன்."

"எடுத்துட்டா அப்புறம் கதை எங்க இருக்கு?"

"அது உன் பாடு. நீதானே எழுதறவன்? கோர்ட்டுலதான் சொன்னது சொன்னதுதான். காகிதத்துலகூடவா முடியாது?"

"முடியும்தான், ஆனா..."

"முடியும்னா எடு. பெரிய இவன் மாதிரி இழுக்காத."

சமையலறை மேடையில் சாய்ந்து, ஆறிப்போன தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு இதைச் சொன்னவள் என் அக்கா. வக்கீல். இந்தக் கதை பிறந்த இடம் அந்தச் சமையலறைதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவளுடைய வழக்கை எழுதப்போகிறேன் என்று நான்தான் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுதிக்கொள் என்றாள். நீதிமன்றத்தில் நான் கோட்டைவிட்ட அந்த நாளை முழுதாக எழுது, என் அசட்டு முகத்தை எழுது, தாளைப் புரட்டியதை எழுது, அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடு என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். அதையும் உங்களுக்குக் காட்டுகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதலில் எழுதியது இது:

மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கூரை மிக உயரத்தில் இருந்தது. அங்கே பேசப்படும் சொற்கள் மேலே போய்த் திரும்பி வருவதற்குள்—

விட்டுவிட்டேன். அக்கா படித்துவிட்டுச் சிரித்தாள். "என்னடா உயரம்? பொய்க்கூரை அது. எனக்கு நேர் மேல தண்ணி ஒழுகின கறை ஒண்ணு இருந்துச்சு. பேச்சு வராம நின்னப்ப அதைத்தான் பார்த்துட்டிருந்தேன்." நானும் அன்று அந்தக் கூடத்தில்தான் இருந்தேன். கறை என் கண்ணில் படவில்லை. கூரை உயரமாகத் தெரிந்தது.

இரண்டாவது:

மூடியிருக்கும் நேரத்தில் ஒரு நீச்சல் குளம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு—

இதுவும் வேண்டாம். ஆளைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே கேள்வி கேட்பது மரியாதையில்லை.

ஆகவே அலங்காரமில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பொது நீச்சல் குளம். நடுப்பகலில் சுத்தம் செய்வதற்காக மூடிவிடுவார்கள். உள்ளே ஆழமான குளத்தைச் சுற்றிச் சுவர், அதற்கு ஓர் இரும்புக் கதவு. கதவுக்கு இரண்டு சாவிகள்: ஒன்று மேலாளரிடம், மற்றது குளத்தைப் பார்த்துக்கொண்டவரிடம். அக்கா அவரைக் குளத்துக்காரர் என்றுதான் சொல்வாள். ஒருநாள், மூடியிருந்த நேரத்தில், அந்த ஆழக் குளத்தில் ஒருவர் மூழ்கி இறந்தார். பக்கத்துத் தெருவில் பேக்கரி வைத்திருந்தவர். கதவு திறந்து கிடந்தது. யார் திறந்தது என்று பார்த்தவர் இல்லை. உடலை வெளியே இழுத்துப் போட்டவர் குளத்துக்காரர். அவருடைய உடுப்பு நனைந்திருந்தது.

சாட்சியம் அவ்வளவுதான். கீழ் நீதிமன்றத்தில் குளத்துக்காரர் வாயைத் திறக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு ஆளைக் கவனிக்காமல் போனார் என்று ஏழு ஆண்டு சிறை கொடுத்தார்கள். மேல்முறையீடு அக்காவிடம் வந்தது. அவள் கையில் இருந்தது ஒரே ஒரு வாதம். சாவி இரண்டு, திறந்தது இவர்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நல்ல வாதம். அதை வைத்து வென்றிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீலே பின்னால் சொன்னாராம்.

இன்னொன்றும் தெரிந்தாக வேண்டும். மேல்முறையீட்டில் புதிதாக எதையும் சொல்லக் கூடாது. கீழே சாட்சிகள் சொல்லித் தாளில் ஏறியது எதுவோ அதுதான் உலகம். அதற்குப் பெயர் பதிவு. பதிவில் இல்லாதது நடந்தே இருந்தாலும் நடக்கவில்லை.

இந்தக் கதைக்கும் அதே ஏற்பாட்டைச் செய்திருக்கிறேன். பதிவில் இல்லாததைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறேன். நீதிபதிகளைப் போல நீங்களும் அதைத் தாண்டிப் போய்விடலாம். போக மாட்டீர்கள் என்று தெரியும்.

3

அக்காவுக்கு ஒரு பழக்கம். கட்சிக்காரரைப் போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மேல்முறையீட்டு வக்கீல்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. அவர்களுக்குத் தாள் போதும். சிலர் கட்சிக்காரரின் முகத்தையே பார்க்காமல் வழக்கை முடித்துவிடுவார்கள். அவளுடைய சீனியர் அவளைக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார். "நீ அடிக்கடி ஜெயிலுக்குப் போகாதம்மா. அந்த ஆளு நல்லவரா இருந்துட்டா என்ன பண்ணுவே?"

போனாள். ஆள் நல்லவராக இருந்துவிட்டார்.

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல மனிதரைக் கதையில் வைத்தால், எழுதியவன் கைவேலை அது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். அவருக்கு ஏதாவது குறை வேண்டுமே என்று அவருடைய மனைவியிடம் கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டார். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார். குளத்துக்குப் போடும் மருந்துத்தூள் மூட்டை அடுக்கிய அறையிலேயே பீடி பிடிப்பார். கோபம் வந்தால் ஒரு வாரம் பேச மாட்டார், கோபம் இல்லாவிட்டாலும் பேச மாட்டார். "எங்க வீட்டுக்காரரு பொய் சொல்ல மாட்டாருன்னு ஊரே சொல்லும் தம்பி. சொல்றதுக்கு வாயைத் திறந்தாத்தானே!")

[கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து குளத்துக்காரர் அக்காவிடம் சொன்னது. பேக்கரிக்காரரின் அடுப்பு வெடித்து அவருடைய மார்பும் முதுகும் வெந்துபோயின. ஆறியபின் தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. தண்ணீரில் கையை வீசி நீந்தினால் இளகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒருநாள் கூட்டத்தோடு இறங்கினார். ஓர் அம்மா தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். அதற்குப் பிறகு அவர் வேலிக்கு வெளியே நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

"ஆளில்லாத நேரமா வாங்க அண்ணே. ஆழக் குளத்துக்குச் சுவர் இருக்கு. நானும் பார்க்க மாட்டேன்."

சொன்னபடியே பார்க்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். பேக்கரிக்காரர் மல்லாந்து நீந்துவார். நீந்தும்போது சீட்டி அடிப்பார். சீட்டி கேட்டால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்.

அன்று சீட்டி நின்றது. சில நாள் அப்படித்தான், சும்மா மிதப்பார். "அண்ணே, இருக்கீங்களா?" என்று குளத்துக்காரர் கேட்டார். பதில் இல்லை. "கேட்டுட்டும் உடனே திரும்பலம்மா. திரும்பினா அவருக்கு ஒரு மாதிரி ஆயிடுமேன்னு உக்காந்திருந்தேன்."]

[கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்டாள். "அந்த மனுஷன் உடம்ப யாரும் பார்க்கக் கூடாதுன்னுதானே இத்தனையும்? செத்தப்புறம் நானே எடுத்து நாலு பேருக்குக் காட்டவா?" வீட்டிலும் சொல்லவில்லையா என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினார்.]

அவருடைய மனைவி இதெல்லாம் தெரியாமலே அவருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுக்காரரு கதவைத் திறக்கவே இல்ல" என்று தண்ணீர்க் குழாயடியில் சொன்னார், கடையில் சொன்னார், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவளிடம் சொன்னார். "மாமா திறந்திருப்பாரோ என்னவோ" என்று சொன்ன சொந்தத் தம்பியோடு பேச்சையே விட்டுவிட்டார்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நான்தான் நீதிபதி. என்ன கேட்டாலும் அவளிடம் விடை ஒன்றுதான்: "கதவைத் திறந்தவர் யார் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை, ஐயா." பல் துலக்கும்போது சொன்னாள். வெங்காயம் நறுக்கும்போது கண்ணில் நீர் வழியச் சொன்னாள். "உருக்கமா இருக்கு, விடுதலை பண்ணிட்டேன்" என்று தீர்ப்புச் சொன்னேன். வெங்காயத் தோலை எடுத்து என்மேல் எறிந்தாள்.

4

அன்று கடைசி வரிசையில் குளத்துக்காரரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். உள்ளே தேய்த்து மடித்த ஒரு சட்டை. தீர்ப்பு இன்றைக்கு வராது, வெறும் வாதம்தான் என்று அக்கா இரண்டு முறை சொல்லியிருந்தாள். "தெரியும் தம்பி. இருந்தாலும் கையில இருக்கட்டும்" என்றார்.

மூன்று நீதிபதிகள். இடப்பக்கம் இருந்தவர் எழுதிக்கொண்டே இருந்தார். வலப்பக்கம் இருந்தவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். நடுவில் இருந்தவர்தான் பேசினார், மென்மையான குரலில். அந்த மென்மைதான் ஆளைக் கவிழ்த்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதட்டியிருந்தால் அக்கா சுதாரித்திருப்பாள்.

தொடக்கத்தில் அவள் நன்றாகத்தான் பேசினாள். இரண்டு சாவி. மேலாளர் அப்போது எங்கே இருந்தார் என்பதற்கு அவர் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்றில்லை. நனைந்த உடுப்பு காப்பாற்றப் போனதற்கு அடையாளமே தவிர, கதவைத் திறந்ததற்கு அல்ல. எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார். பக்கத்தில் இருந்த அம்மா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போது நடுவில் இருந்தவர் கேட்டார்:

"திறந்தவர் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், வக்கீல் அவர்களே. ஒரு மனிதரை ஆழத் தண்ணீரில் விட்டுவிட்டு, அவர் என்ன ஆனார் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் உங்கள் கட்சிக்காரர் தன்பாட்டுக்குப் போயிருக்கிறார். கொஞ்சமாவது ஈரம் உள்ள ஒருவர் அப்படிச் செய்வாரா?"

இதற்கு ஒத்திகை பார்த்த விடை இருந்தது. "கதவைத் திறந்தவர் யார் என்பதை" என்று தொடங்கினால் போதும். உதடு அதற்காக அசைந்ததைக்கூடப் பார்த்தேன்.

"அவர் எங்கேயும் போகலைங்க ஐயா. அங்கேயேதான் இருந்தாரு. அந்த மனுஷனுக்குக் கூச்சமா இருக்கும்னு திரும்பி உக்காந்திருந்தாரு."

அதுவரை புத்தகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவள், எங்கள் வீட்டுச் சமையலறையில் பேசுவதைப் போலச் சொல்லிவிட்டாள். மூன்றே வாக்கியங்கள். அக்கா எடுத்துவிடச் சொல்வது நடுவில் இருப்பதை. அங்கேயேதான் இருந்தார் என்றால், கதவைத் திறந்தவரும் அவர்தான் என்று ஆகிவிடுகிறது.

தண்ணீர் குடித்தவர் குவளையைக் கீழே வைத்தார். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. துள்ளிக் குதித்திருக்க வேண்டிய அரசு வக்கீல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பதிவில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

அக்கா வழக்குக் கட்டைப் பிரித்தாள். புரட்டினாள். எங்கும் இல்லை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கூடத்தில் யாரும் கிடையாது. அப்படியும் புரட்டினாள். விரலில் ஈரம் தொட்டுத் தொட்டுப் புரட்டினாள். ஒரு தாள் நழுவி மேசைக்கு அடியில் போய் விழுந்தது, குனிந்து எடுத்தாள், எடுத்ததையும் படித்துப் பார்த்தாள்.

"பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஐயா."

"வக்கீல் அவர்களே."

"ஒரு நிமிடம், ஐயா. இங்கேதான்..."

"இல்லாததைத் தேட வேண்டாம். அது எங்கள் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்கிறோம். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

அவள் மேலே பார்த்தாள். (கறை.) "இல்லை, ஐயா" என்று உட்கார்ந்தாள். நேரம் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. பை சரசரக்கும் ஓசை மட்டும் கேட்டது.

5

சொன்னபடி, எடுத்த பிரதி இதோ:

"கதவைத் திறந்தவர் யார் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை, ஐயா" என்றாள் அக்கா. நடுவில் இருந்தவர் சற்று யோசித்தார். "அது சரிதான்" என்றார். தீர்ப்பு வந்தது. சிறைக் கதவுக்கு வெளியே குளத்துக்காரர் தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டார். கழுத்துப் பக்கம் கொஞ்சம் தொளதொளவென்றிருந்தது. வீட்டுக்குப் போனார்கள். சோற்றைப் போட்டுவிட்டு மனைவி சொன்னார்: "நான் அப்பவே எல்லார்கிட்டயும் சொன்னேன், நீங்க திறக்கலன்னு." அவர் பிசைவதை நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து—

இதற்குமேல் கை ஓடவில்லை. இப்படியே கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"நீ கேட்ட மாதிரியே எடுத்துட்டேன்."

"ம்." திரும்ப ஒருமுறை மேலிருந்து படித்தாள். "ஆனா அந்த ஜட்ஜு அவரை ஈரமே இல்லாதவருன்னு சொன்னாரே. அது அப்படியே நிக்குதேடா. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"நீதானே எடுக்கச் சொன்னே?"

"நான்தான் சொன்னேன்" என்றாள். தாளைத் திருப்பிக் கொடுத்தாள். எடு என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை.

இன்னொரு முடிவும் எழுதினேன். அதில் நடுவில் இருந்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "திரும்பி உட்கார்ந்திருந்ததா குற்றம்?" என்று கேட்கிறார், கூடமே— எழுதும்போது எனக்கே பிடித்துப்போனது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

6

உண்மையில் வந்த தீர்ப்பு: மேல்முறையீடு தள்ளுபடி.

அக்கா அதை நீதிமன்றப் படிக்கட்டில் நின்றபடியே படித்தாள். தன் வாக்கியத்தைத் தேடிக்கொண்டு படித்தாள். அது எந்தப் பக்கத்திலும் இல்லை. காதில் விழவில்லை என்று சொன்ன நீதிபதிகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்கள். சூழ்நிலைச் சான்றுகள் போதுமானவை, கீழ் நீதிமன்றத்தின் முடிவில் தலையிடக் காரணம் இல்லை. அவ்வளவுதான். அவள் பேசாமல் இருந்திருந்தாலும் இதே தீர்ப்பு வந்திருக்குமா? சொல்ல ஆளில்லை. உன்னால்தான் கெட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

அவளுக்கு இப்போது வேறு வழக்குகள் இருக்கின்றன. வாதாடப் போகிறாள். கட்சிக்காரர்களைப் போய்ப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள் என்று எழுத நினைத்தேன், எழுதினால் கச்சிதமாக இருக்கும். ஆனால் நிறுத்தவில்லை. முன்பைவிட அதிகமாகப் போகிறாள். குளத்துக்காரரையும் போய்ப் பார்க்கிறாள். அவர் அவளோடு பேசுவதில்லை. கோபமா, வழக்கமான மௌனமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்காருகிறார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போகிறார்.

இனி உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சதுர அடைப்புக்குறிக்குள் நீங்கள் படித்தது எல்லாம் என் கற்பனை.

கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் என்ன சொன்னார் என்று அக்கா எனக்குச் சொல்லவே இல்லை. பேக்கரிக்காரரின் உடம்பில் பழைய தீக்காயம் இருந்தது பதிவில் ஒரு வரியாக இருக்கிறது. மற்றபடி என்னிடம் இருப்பவை அந்தக் கூடத்தில் எல்லோர் காதிலும் விழுந்த மூன்று வாக்கியங்கள்தான். கெஞ்சிக் கேட்டும் பார்த்தேன். "ஒரு தடவை சொன்னதே போதும்டா" என்றாள். வாளி நான் போட்டது. சீட்டி நான் அடித்தது. குழந்தையின் கண்ணைப் பொத்திய அம்மாவை நான் வேறெங்கோ பார்த்தேன். "அண்ணே, இருக்கீங்களா?" என்று அவர் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

உண்மையில் என்ன நடந்தது என்பது, நான் அறிந்தவரை, இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒருவர் சிறையில் இருக்கிறார். இன்னொருத்தி, கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியே விடக் கூடாது என்பதைத் தொழிலின் முதல் பாடமாகப் படித்தவள், அந்தப் பாடத்தில் ஒருமுறை தவறியவள்.

கதையை இங்கே நிறுத்தலாம். ஆனால் வாதம் முடிந்த அன்று, தாழ்வாரத்தில் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது. அதில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. அந்த இடத்தோடு நான் நகர்ந்துவிட்டதால் அதற்கான முடிவு என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

7

கூடத்துக்கு வெளியே நீளமான தாழ்வாரம். சுவரோரம் மரப் பெஞ்சுகள். குளத்துக்காரரின் மனைவி கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தப் பை. நான் சற்றுத் தள்ளி, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றேன்.

அக்கா கறுப்பு அங்கியைக் கழற்றாமலே வந்தாள். கட்டு ஒழுங்காகக் கட்டப்படவில்லை, தாள்கள் துருத்திக்கொண்டிருந்தன. அந்த அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்திருப்பாள்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றாள்.

அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "என் தம்பிகிட்ட ரெண்டு வருஷமா பேசல வக்கீலம்மா" என்றார். "அவன் சொன்னதுதான் சரின்னு ஆயிப்போச்சு."

"அம்மா..."

"அது கிடக்கட்டும். அவன்கிட்ட நான் பேசிக்கறேன்." சேலை முனையை விரலில் சுற்றினார், பிரித்தார். "உள்ள இருக்கறவரு முந்தியெல்லாம் மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போய் வாயைக் கொப்புளிச்சதும் சட்டுனு கிளம்பிடுவாரு. எங்க போறீங்கன்னா, வேலை இருக்குன்னுவாரு. குளம் மூடியிருக்கற நேரத்துல என்ன வேலைன்னு நான் சண்டை போட்டிருக்கேன். வேற என்னென்னமோ நினைச்சுக்கூடச் சண்டை போட்டிருக்கேன். அப்பவும் சொல்லல."

அக்கா கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் யாரோ அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள். யார் பின்னாலோ கதவு சாத்திக்கொண்டது. அந்த அம்மா பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியானது. அந்த இடத்தைக் கையால் ஒருமுறை துடைத்துவிட்டார்.

"எங்கிட்ட சொல்லாதத உங்ககிட்ட சொல்லியிருக்காரு. பரவாயில்ல, யார்கிட்டயாவது சொன்னாரே. உக்காருங்க. கூட்டாம குறைக்காம, அவரு எப்படிச் சொன்னாரோ அப்படியே, எனக்கும் ஒரு தடவை சொல்லுங்க வக்கீலம்மா."